அப்புறம் என்னாச்சுன்னா

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட், ஒரு நாய், ஒரு பொன்னான கதை.

லிஃப்ட் சமாச்சாரம் என்னைப் போன்ற மெக்கானிக்குக்கு வழக்கமானதுதான். ஒன்றில் கதவு மூடவில்லை. யாரோ கதவு ஓடும் பள்ளத்தில் சாவிக்கொத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் மின்விசிறி ஓடவில்லை. மூன்றாவதில் எந்தப் பழுதும் இல்லை, அந்தக் கட்டிடத்துச் செயலாளருக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். நாயும் அந்தக் கட்டிடத்துடையதே. தானாக லிஃப்டில் ஏறி, யாராவது வந்து மூன்றாம் மாடிப் பட்டனை அழுத்தும்வரை மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மேனேஜரைவிடப் பொறுமைசாலி.

பொன்னான கதை வீட்டில் கிடைத்தது. என் மனைவி பதினாறு வருடமாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டும் குழந்தைகள்கூட அவளிடம் கையை நீட்டி, "எடுத்தாச்சா ஆன்ட்டி?" என்று கேட்குமாம். அங்கே பிரிவுத் தலைவர் பதவி காலியாகி, இன்று நேர்முகத் தேர்வு. மூன்று வாரமாக விழுந்து விழுந்து படித்தாள். கேள்வி கேட்ட மூன்று பேரில் நடுவில் இருந்தவர் ஒரு பேச்சுக்காக, "உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றிருக்கிறார். இவளுக்குத் தலைக்குள் கரண்ட் போய்விட்டது. வாய் மட்டும் தன் பாட்டுக்கு, தினமும் ரத்தம் பிடிக்கும் குப்பியில் ஒட்டுகிற சீட்டைப் படித்திருக்கிறது. பெயர். வயது. பெண். வெறும் வயிறு. கடைசியாகச் சாப்பிட்டது நேற்று இரவு எட்டு மணி.

அதோடு நின்றாளா? இடது கையை மேஜைமேல் நீட்டிவிட்டாள்!

நான் தட்டு துடைக்கும் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். "அப்புறம் என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் நான் மகளைக் கூப்பிட்டு முதலிலிருந்து நடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டேன். கை நீட்டுகிற இடத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மார்ச் 7, வெள்ளி

பதவி வெளியாள் ஒருவருக்குப் போய்விட்டதாம். "போனா போகுது, அடுத்த தடவ சாப்பிட்டுட்டுப் போ" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் புது ஃபிளாட் வாங்கியிருக்கிறான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, வீட்டில் சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் உட்காருகிறவன். மதியச் சாப்பாட்டுக்குப் பதினான்கு பேர். மேடை காலியாகக் கிடந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

வெறும் வயிறு கதையை எடுத்துவிட்டேன். என் வாழ்நாளின் சிறந்த ஆட்டம் இதுதான். இதுவரை என் பட்டியலில் முதலிடம் ஆஸ்பத்திரிக் கட்டில் கதைக்கு. கட்டிலின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவளை மேலே தூக்கி, "முதல் மாடி, பாத்திரங்கள். ரெண்டாவது மாடி, துணிமணி. இறங்குறவங்க இறங்கலாம்" என்று நான் அறிவித்தது. நர்ஸ் சிரித்த சிரிப்பில் அடுத்த வார்டிலிருந்து வந்து பார்த்தார்கள். இன்றைய கதை அதையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மூன்றாவது அதிகாரி அவசரமாகப் பஞ்சு தேடினார் என்று முடித்தேன். பஞ்சு நான் சேர்த்தது. கதைக்கு ஒரு பஞ்சு தேவைப்பட்டது. பக்கத்து ஃபிளாட்காரர் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அவளும் சிரித்தாள். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றுக்காக இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. நல்ல மாதிரி இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

புரையேறிய பக்கத்து ஃபிளாட்காரரின் மனைவி, என் மனைவியின் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பில் உட்காருகிறவளாம். எனக்கு எப்படித் தெரியும்? பதினான்கு பேருக்கும் நேர்முகத் தேர்வு வைத்தா கதை சொல்ல முடியும்?

மனைவி ஆறு மணிக்கு வந்தாள். பையைக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க தெரியுமா?"

"என்ன?"

"வெறும் வயிறு மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாக உதட்டோரத்தில் மட்டும்தான். பார்த்துவிட்டாள். பதினாறு வருடம் தோலுக்கடியில் நரம்பு தேடிய கண்.

"ஒருத்தி வந்து, பஞ்சு கெடச்சிதான்னு கேக்கறா. யாருமே பஞ்சு தேடலையே! ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சாரி என்றேன். தெரியாமல் நடந்துவிட்டது, சாரி. இனிமேல் நடக்காது, சாரி. காபி போடட்டுமா, சாரி. மகள் தன் அறையிலிருந்து எண்ணியிருக்கிறாள்: நான்கு நிமிடத்தில் பதினோரு சாரி. அவளுக்குப் பதினேழு வயது, இரக்கம் என்பது இன்னும் முளைக்கவில்லை.

பதினோராவது சாரிக்கு மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். "சாரியக் கொட்டிட்டுக் கையக் கழுவிக்கிட்டுப் போகாத. எனக்கு இன்னும் கோவமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள நீ முடிச்சு வைக்கிற."

நீ என்றாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே உன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னா அது உன் கதையாயிடுது."

மார்ச் 13, வியாழன்

சமாதானப் பணிகள், நேற்றும் இன்றும்: இரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த அடுக்களை அலமாரிக் கதவுக்குப் புதுக் கீல். சொட்டும் குழாய்க்கு வாஷர். குளியலறைக் கண்ணாடியை நேராக்கினேன். ஒரு கொத்துப் பூவும் ஒரு கேக்கும் வாங்கி வந்தேன். ஒரே சண்டையில் வீடே புதுப்பித்தாகிவிட்டது.

"தேங்க்ஸ்" என்றாள். ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களிடம், "அஞ்சு நிமிஷம் பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்று சொல்வாளே, அதே குரலில். அந்தக் குரலில் தப்பே கண்டுபிடிக்க முடியாது, அதுதான் பிரச்சினை.

கேக்கை மகள் சாப்பிட்டாள்.

என்னோடு வேலை பார்க்கும் ஸ்பேனரிடம் யோசனை கேட்டேன். அது பட்டப்பெயர், சொந்தப் பெயரை அவனே மறந்து பல வருடமாகிறது. "ரெண்டு நாள் கண்டுக்காம விடு. தானா சரியாயிடும்" என்றான்.

"உனக்குச் சரியாச்சா?"

"எனக்கு ரெண்டு தடவ சரியாச்சு."

அவனுக்கு விவாகரத்து ஆனதும் இரண்டு தடவைதான்.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வாரம் அவளிடம் கேட்டவையும் பெற்றவையும்.

இன்னிக்கு எப்படிப் போச்சு? ஒண்ணுமில்ல.
ஏன் லேட்? ஒண்ணுமில்ல.
என்ன யோசிக்கிற? ஒண்ணுமில்ல.
தலவலியா? ஒண்ணுமில்லன்னு சொன்னேனே.

கோபமாகக்கூட இல்லை. சாப்பாடு போடுகிறாள், துணி மடிக்கிறாள், மின்சாரக் கட்டணம் கட்டச் சொல்லி ஞாபகப்படுத்துகிறாள். வீடு ஓடுகிறது. ஆனால் நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அன்றைய நாளை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாளே, அது நின்றுவிட்டது. ஆறடி உடற்பயிற்சி மாஸ்டர் ஊசியைப் பார்த்ததும் அவள் தோளிலேயே மயங்கி விழுந்தது, தன் சர்க்கரை அளவைக் குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சுகிற ரிட்டயர்டு நீதிபதி, எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. இந்த வாரம் யார் வந்தார்கள்? நீதிபதி எப்படி இருக்கிறார்? தெரியவில்லை.

தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று இந்த வாரம் கண்டுபிடித்தேன்.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உங்களை உயர்த்துவதே எங்கள் பணி' என்று அச்சடித்திருக்கிறது. வேண்டாத நேரத்தில் கண்ணில் படுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். அடுக்களை மேஜை. எதிரெதிரே இரண்டு நாற்காலி.

"பத்து நிமிஷம். நான் பேசுவேன், நீங்க பேசக் கூடாது. ஜோக் கூடாது. சாரி கூடாது. எழுந்து போயி எதையும் ரிப்பேர் பண்ணவும் கூடாது."

திரும்ப 'நீங்க'. நல்ல சகுனம் என்று நினைத்தேன். மகள் அடுப்புப் பக்கம் இருந்த டைமரைத் திருகி நடுவில் வைத்துவிட்டு, "ரெஃப்ரி சம்பளம் அப்புறம் வாங்கிக்கறேன்" என்று தோழி வீட்டுக்குக் கிளம்பினாள்.

பத்து நிமிடம்! நான் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டே கிரீஸ் போடுகிறவன். பத்து நிமிடம் என்ன பெரிய விஷயம்?

அவள் ஆரம்பித்தாள். "அன்னிக்குத் தம்பி வீட்ல எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிச்சேன். அதுதான் எனக்கு..."

அங்கே நின்றாள். மேஜையைப் பார்த்தாள். டைமர் டிக் டிக் என்றது. எவ்வளவு நேரம் இப்படி? அழப்போகிறாளா? ஏதாவது செய்ய வேண்டாமா? யாராவது இதை நிறுத்துங்களேன் என்று இருந்தது, யாராவது என்று பார்த்தால் நான்தான் இருந்தேன்.

"டைமர் ஓடுதா? இல்ல இதுவும் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சா?" என்றேன்.

அவள் டைமரை எடுத்துப் பார்த்தாள். ஏழு நிமிடம் இருபது விநாடி மீதி. நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட போன்ல என்ன சொல்வீங்க? கதவ நெம்பாதீங்க, குதிக்காதீங்க, உள்ளயே இருங்க. தினமும் சொல்றீங்க. நீங்க மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் நடுவுல குதிக்கறீங்க?"

நல்ல கேள்வி. அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். கீல் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மார்ச் 19, புதன்

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு கதை. ஒரே ஒரு கதை. அவளும்தானே சிரிச்சா? பிடிக்கலன்னா அப்பவே ஒரு கண்ணக் காட்டியிருக்கலாமே? பத்தொன்பது வருஷமா இந்த வீட்ல யாரு சிரிக்க வெச்சது? வேற யாராவது புருஷன் குழாய்க்கு வாஷர் போட்டு, பூ வாங்கி, கேக் வாங்கி... எவ்வளவுதான் இறங்கி வரது? இதுக்கு மேல இறங்கினா அடித்தளம்தான்!

பாருங்கள், இங்கேயும் ஒன்று. யாருமே இல்லாத டைரியில் யாருக்கு ஜோக் அடிக்கிறேன்?

மார்ச் 22, சனி

மச்சான் போன் செய்தான். "மாமா, வெறும் வயிறு எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். பின்னால் அவன் மனைவியும் சிரித்தாள்.

என் மனைவி அவனுக்கு அக்கா. சின்ன வயதில் அவனைத் தூக்கிச் சுமந்தவள். அவளுக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு, தம்பி மட்டும் கூப்பிடுகிற பெயர். அதை விட்டுவிட்டு இதைச் சொல்கிறான். இதை அவன் வாயில் ஊட்டியவன் நான்.

எனக்கு முதல் தடவையாக அது சிரிப்பாக இல்லை. ஆனால் பழக்கதோஷம், "நல்லா இருக்கா, சாப்பிட்டாச்சு" என்றேன். அவன் இன்னும் சத்தமாகச் சிரித்தான். போனை வைத்துவிட்டு அடுத்த அறையை எட்டிப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாளா? கேட்டிருப்பாள். சுவர் அவ்வளவு கெட்டி இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு அழைப்பு. ஒரு அலுவலகக் கட்டிடத்தில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஆள். நான் பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன், ஓடிப் போனேன். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் தளர்த்தி இறக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், விதி. ஸ்பேனர் நகரத்தின் மறுகோடியில் இருந்தான், வர அரை மணி நேரமாகும் என்றான்.

எனவே நான்காவது மாடியில், மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவரின் மூச்சு எனக்குக் கேட்டது. வேகமாக, மேலோட்டமாக.

"சார், பயப்படாதீங்க. காத்து வரும். கதவ நெம்ப வேணாம். கீழ உக்காந்துக்குங்க" என்றேன். இதுவரை கம்பெனி சொல்லிக்கொடுத்த பாடம். இதற்குப் பிறகு என் சொந்தச் சரக்கு: "இந்த மாசம் இந்த லிஃப்ட்ல மாட்டின மூணாவது ஆள் நீங்க சார். பத்து பேர் சேந்தா சங்கம் வெச்சிடலாம்." வழக்கமாக உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் அதைப் பல வருடமாகக் கடமையின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. வயதானவர் இல்லை, என் வயதுதான் இருக்கும். "தயவுசெஞ்சு ஜோக் அடிக்காதீங்க."

வாயை மூடினேன். பிறகு, "ஆனா போயிடாதீங்க" என்றார்.

"போகல சார்."

"பேச வேணாம். இருங்க, போதும்."

இருந்தேன். இருபத்தாறு நிமிடம். அந்தத் தளத்து ஆட்கள் என்னைத் தாண்டித் தாண்டிக் காபிக்குப் போனார்கள், பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு நாக்கு அரித்தது. நடுவில் ஒரு தடவை உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. பெரிய மனிதர் அழுகிற சத்தம், வாயைப் பொத்திக்கொண்டு. நான் கதவில் இரண்டு விரலால் லேசாகத் தட்டினேன், இருக்கிறேன் என்று. அவரும் உள்ளேயிருந்து தட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. அதற்கு நான் ஒரு மண்ணும் செய்யவில்லை.

ஸ்பேனர் வந்து, இறக்கி, கதவைத் திறந்தோம். அந்த ஆள் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். நன்றி என்று சொல்லவில்லை. என் தோளை ஒரு பிடி பிடித்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றான் ஸ்பேனர். ஒண்ணுமில்ல என்றேன்.

மார்ச் 26, புதன்

அவளிடம் நேற்றைய லிஃப்ட் கதையைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் நான் எவ்வளவு திருந்திவிட்டேன் என்ற விளம்பரமாகிவிடும். அது மட்டுமல்ல, அந்த மனிதர் அழுதது அவருடையது. சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

காலை. மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். அடுக்களை மேஜையில் போய் நானாக உட்கார்ந்தேன். டைமரை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

"அன்னிக்கு நீ பாதியில விட்டத இப்ப சொல்றியா?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நானும் சிரிச்சேன்ல, அதுதான் எனக்குத் தாங்கல. எல்லாரும் சிரிக்கறாங்க, நான் அழுதா கேவலமாயிடும்னு சிரிச்சேன். எனக்கு அது புதுசில்ல."

நின்றாள். நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக் கட்டில் கதை சொல்வீங்கள்ல? முதல் மாடி பாத்திரம், ரெண்டாவது மாடி துணிமணி. நல்ல கதை. எங்க போனாலும் சொல்றீங்க. அன்னிக்கு நான் எதுக்கு அந்தக் கட்டில்ல படுத்திருந்தேன்னு ஒரு தடவ கூடச் சொன்னதில்ல."

இல்லை. சொன்னதில்லை. கதையில் அது வராது.

மகளுக்கு ஐந்து வயதாகும்போது இவள் வயிற்றில் இரண்டாவது குழந்தை. ஐந்தாம் மாதம். போய்விட்டது. அன்றைக்குத்தான் நான் கட்டிலைச் சுற்றினேன்.

"காலைல எடுத்தாங்க. மத்தியானம் நீங்க வந்து கைப்பிடியச் சுத்தினீங்க. நர்ஸ் சிரிச்சா. உங்க மூஞ்சியப் பாத்தேன், நான் சிரிக்கலன்னா நீங்க உடைஞ்சிடுவீங்க போல இருந்துது. அதனால சிரிச்சேன். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போனீங்க. அதுக்கப்புறம் நான் எங்க போயி அழறது? பன்னெண்டு வருஷமா அது சிரிப்புக் கதையா ஓடுது. எனக்கு மட்டும் அது அப்படியே அங்கயே நிக்குது."

பிறகு அழுதாள். மேஜைமேல் தலை சாய்த்து, தோள் குலுங்க. என் முன்னால் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது? நான்தான் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டேனே.

உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஏழு ஜோக் வந்தது. தானாக வந்தது, யாரும் கூப்பிடவில்லை. நாலாவது நல்ல ஜோக். சாரி இருபது தடவை தொண்டைவரை வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவரலாம் என்று கால் துடித்தது. அவளுக்காக இல்லை, அடுக்களையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம் என்று. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவள் சொல்வதெல்லாம் நிஜம், எனக்குச் சாதகமாக அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குழந்தை ஞாபகம் வந்தது. அதற்காக நானும் அழவில்லை என்பது ஞாபகம் வந்தது. நாற்காலியிலேயே இருந்தேன். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

கடைசியில் அவள் நிமிர்ந்தாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு இது போதும்" என்றாள்.

போய்க் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள். சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் மேஜையிலேயே உட்கார்ந்து, பன்னிரண்டு வருடம் தாமதமாக, தனியாக ஒரு பாட்டம் அழுதேன். மகள் வந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரக்கம் முளைக்கவில்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

இன்னிக்கு எப்படி இருக்கு?

ஒண்ணுமில்ல.

அட, அவ்வளவு பெரிய காரியம் செய்தேன், ஒரு ரசீது கிடையாதா?

ஏப்ரல் 3, வியாழன்

மச்சானுக்குப் போன் செய்தேன். "இனிமே உங்கக்காவ அப்படிக் கூப்பிடாத. அந்தக் கதையையும் யாருக்கும் சொல்லாத. பஞ்சு நான் கட்டிவிட்டது. மொத்தமே நான் சொல்லியிருக்கக் கூடாது."

"என்ன மாமா, கோச்சுக்கிட்டீங்களா? நீங்கதானே சொன்னீங்க, நாங்க என்ன..."

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்ப வேணாம்னும் நான்தான் சொல்றேன்."

"அக்கா ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்ல. எனக்கே பிடிக்கல."

அதற்குப் பிறகு வந்த மௌனம் இருக்கிறதே! ஒரு சின்ன ஜோக் போட்டால் இரண்டு பேரும் தப்பித்துவிடலாம். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான், எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாக எங்களுக்குள் அதுதானே போக்குவரத்து. நான் போடவில்லை. அவன் இருமினான். "சரி மாமா" என்றான். ஃபிளாட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்காமல் வைத்தான். போனைக் கீழே வைத்தபோது காதெல்லாம் சூடாக இருந்தது.

அடுத்த அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. சுவர் கெட்டி இல்லை என்பதில் சில வசதிகளும் இருக்கின்றன.

ஏப்ரல் 5, சனி

அலமாரிக் கீல் மறுபடி தளர்ந்துவிட்டது. தொடவில்லை. சண்டை முடியட்டும், போடலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று இரண்டு லிஃப்ட். நாய் இல்லை.

சாயங்காலம் அவள் கழுவக் கழுவ நான் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். நீதிபதிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்றாள். தானாகச் சொன்னாள், நான் கேட்கவே இல்லை. எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம்.

"அந்த இன்டர்வியூ அன்னிக்கு, நான் கைய நீட்டினேன்ல," என்றாள். "அப்புறம் என்னாச்சுன்னா..."

குழாயை மூடினாள். நான் தட்டைக் கீழே வைத்தேன். அடுப்பில் பால் இருந்தது. மகள் தானாக வந்து, எங்களைப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி சொன்னாள். கை நீட்டியதிலிருந்து, அந்த நடு ஆள் என்ன செய்தார், இவள் என்ன சொன்னாள், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தது, அங்கே என்ன நடந்தது, ஏன் அன்று என்னிடம் சொல்ல ஓடி வந்தாள், எல்லாம் சொன்னாள். ஐந்து வாரமாக எனக்காக மீதி வைத்திருந்த கதை. நான் நினைத்திருந்த கதையே இல்லை. நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள், அப்புறம் நான் சிரித்தேன். இன்னொரு இடத்தில் நிறுத்தி என் முகத்தையே பார்த்தாள். அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

பால் ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடாக்கிக் குடித்தோம்.